அது விட்டமின் இல்லை, அம்மா

வாசகர் கடிதம்:

"டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. மகளுக்குப் பதினேழு வயது, பிளஸ் டூ படிக்கிறாள். 800 மீட்டர் ஓடுவாள். மாவட்டத்தில் முதலாவதாக வந்திருக்கிறாள். கோமதி மாரிமுத்து படத்தை வெட்டி பீரோவில் ஒட்டி வைத்திருக்கிறாள். போன வருஷம் 2 நிமிஷம் 24 விநாடியில் ஓடியவள் இப்போது 2 நிமிஷம் 16 விநாடிக்கு வந்துவிட்டாள். கோச் சாருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் இரண்டு மாதமாகப் பிள்ளை தூரம் ஆகவில்லை. முகமெல்லாம் பரு. சளி பிடித்த மாதிரி குரல் கரகரவென்று இருக்கிறது, சளியும் இல்லை. பையைப் பார்த்தபோது காகிதத்தில் மடித்த ரோஸ் கலர் மாத்திரைகள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. கேட்டால், 'விட்டமின்மா, கோச் கொடுத்தது, எல்லாரும்தான் சாப்பிடுறாங்க' என்கிறாள். அடுத்த மாதம் மாநிலப் போட்டி. அதில் ஜெயித்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் கிடைக்கும் என்கிறார் கோச். இப்போது நிறுத்தினால் போட்டிக்குள் அது உடம்பை விட்டுப் போய்விடுமா? வெளியே சொன்னால் பிள்ளையின் வாழ்க்கை கெட்டுப்போகுமா? அவள் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. பெயர் போட வேண்டாம்."

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கடைசியில் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. போட்டியெல்லாம் அப்புறம்.

பாப்பா அந்த மாத்திரையை இனி ஒன்றுகூடச் சாப்பிட வேண்டாம். ஆத்திரத்தில் சாக்கடையில் கொட்டிவிடாதீர்கள். காகிதத்தோடு அப்படியே ஒரு டப்பாவில் போட்டு, என்றைக்குக் கிடைத்தது, எத்தனை இருந்தது என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கே, தவறினால் நாளை மறுநாள், அந்த டப்பாவோடு பாப்பாவை ஒரு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். தெரிந்த பொது மருத்துவரானாலும் சரி, பெண்கள் நல மருத்துவரானாலும் சரி. செலவு யோசனை இருந்தால் நம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கே போங்கள்.

இவ்வளவு அவசரம் எதற்கு என்று கேட்பீர்கள். அது என்ன மாத்திரை என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கொடுத்தவருக்கே தெரியுமா என்பது சந்தேகம். நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஸ்டீராய்டு என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று, தசையை வளர்க்கும் அனபாலிக் ஸ்டீராய்டு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனுக்குப் பங்காளி. இன்னொன்று, ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் நாங்கள் எழுதிக் கொடுக்கும் பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் வகை. கடிதத்தில் நீங்கள் சொல்லியிருக்கும் அறிகுறிகளைப் பார்த்தால் எனக்கு முதல் வகை மேல்தான் சந்தேகம். ஆனால் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் மாத்திரையில் எது கலந்திருக்கும் என்று யார் கண்டது? இரண்டாவது வகையை வாரக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி ஆள் துவண்டு போவது உண்டு. அதனால்தான் நிறுத்திய கையோடு டாக்டரைப் பார்க்கச் சொல்கிறேன். நடுவில் தலைசுற்றல், விடாத வாந்தி, எழுந்து நிற்க முடியாத அசதி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அவசரப் பிரிவுக்குப் போய், "பெயர் தெரியாத மாத்திரையை இத்தனை வாரமாகச் சாப்பிட்டாள்" என்று எடுத்ததுமே சொல்லிவிடுங்கள்.

டாக்டர் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொல்லலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மாதம் மாதவிடாய் வரவில்லை என்று யார் வந்தாலும் நாங்கள் வரிசைப்படி அதிலிருந்துதான் ஆரம்பிப்போம். பாப்பா மேல் சந்தேகம் என்று அர்த்தம் இல்லை. அப்புறம் தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, ஹார்மோன் அளவு, ஈரல், கொழுப்பு, ஹீமோகுளோபின் எல்லாம் பார்ப்பார்கள். ஓடுகிற பெண்களுக்கு மாத்திரை எதுவும் இல்லாமலே மாதவிடாய் நின்றுபோவது உண்டு. உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் உடம்பு முதலில் கைவிடுவது அதைத்தான். காலையில் வெறும் டீயோடு மைதானத்துக்குப் போய், பத்து மணிக்கு ஸ்கூல் கேண்டீனில் ஒரு பன் சாப்பிடும் பெண்களை நான் வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். ஆனால் பருவும் குரல் மாற்றமும் சேர்ந்து வந்து, பையில் மாத்திரையும் இருந்தால், கணக்கு வேறு பக்கம் போகிறது.

அனபாலிக் ஸ்டீராய்டு என்ன செய்கிறது என்று பாப்பாவுக்கும் புரிய வேண்டும் என்பதால் சொல்கிறேன். அதைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கிடந்தால் யாரும் வேகமாக ஓடிவிட மாட்டார்கள். கடுமையான பயிற்சியில் கிழிந்து போகும் தசை இரண்டு நாளில் தேறுவதற்குப் பதிலாக ஒரே நாளில் தேறிவிடும். அதனால் திங்கள்கிழமை ஓடியதுபோலவே செவ்வாய்க்கிழமையும் ஓட முடியும். வேகம் வருவது அப்படித்தான். பெண்களின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் இயல்பாகவே மிகக் குறைவு, ஆண்களுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதனால் கொஞ்சம் கொடுத்தாலே நேரம் மளமளவென்று குறையும். ஆனால் மாத்திரைக்குத் தொடைத் தசை எது, குரல்வளை எது என்று தெரியாது. குரல்வளை தடிக்கும், மேலுதட்டில் முடி வரும், முகத்தில் எண்ணெய் வழியும், மாதவிடாய் நிற்கும். ஈரல் கெடும், நல்ல கொழுப்பு குறையும், எரிச்சலும் கோபமும் கூடும். வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு எலும்பு முனைகள் சீக்கிரமே மூடி, உயரம் நின்றுபோகலாம். மாத்திரையை நிறுத்தினால் பரு போகும், மாதவிடாயும் பெரும்பாலும் திரும்பும். தடித்த குரல் மட்டும் பழையபடி ஆகாமலே போகலாம். இப்போதுதான் கரகரப்பு என்கிறீர்கள். இன்றைக்கு நிறுத்துவதற்கும் மாநிலப் போட்டி முடிந்து நிறுத்துவதற்கும் இருக்கும் வித்தியாசம் அதுதான்.

'விட்டமின்' என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு ஐம்பது வருஷத்துப் பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது. கிழக்கு ஜெர்மனி என்று ஒரு நாடு இருந்தது. 1974 வாக்கில் அந்த அரசே 'அரசுத் திட்டம் 14.25' என்று ரகசியமாக ஒரு திட்டம் போட்டு, தன் விளையாட்டு வீரர்களுக்கு ஓரல் டியூரினாபால் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தது. சின்ன நீல மாத்திரை. பதினான்கு, பதினைந்து வயது நீச்சல் பெண்களிடம் அதை விட்டமின் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பெற்றவர்களுக்கும் தெரியாது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்கள் நீச்சலில் இருந்த 13 தங்கத்தில் 11 அந்த நாட்டுக்கே போனது. உங்கள் வீராங்கனைகளின் குரல் ஏன் இப்படித் தடித்திருக்கிறது என்று யாரோ கேட்டதற்கு, "நீந்த வந்திருக்கிறார்கள், பாட வரவில்லை" என்று பயிற்சியாளர் பதில் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அந்தத் திட்டத்தின் பொறுப்பாளர்களுக்கு பெர்லின் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது 2000-ஆம் ஆண்டில். அதற்குள் அந்தப் பெண்களுக்கு நாற்பது வயதை ஒட்டிவிட்டது, பலருக்கு உடம்பும் கெட்டிருந்தது. நாடும் மாறிவிட்டது, மாத்திரையின் நிறமும் மாறிவிட்டது. அந்தப் பொய்யை மட்டும் ஒரு எழுத்துகூட மாற்றாமல் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். எத்தனை நாளில் உடம்பை விட்டுப் போகும்?

இந்தக் கணக்கை நான் போட்டுத் தர மாட்டேன். ஒரு தாயாக நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. ஆனால் இதே கேள்வியைத்தான் மாத்திரை கொடுத்தவரும் யாரிடமாவது கேட்டுக்கொண்டிருப்பார். அப்படியே நான் கணக்குப் போட நினைத்தாலும் அது நிற்காது. நாண்ட்ரோலோன் என்ற அனபாலிக் ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டால் அதன் மிச்சம் மாதக்கணக்கில் சிறுநீரில் வரும். மெத்தாண்டியனோன், ஸ்டானோசோலால் போன்ற ஸ்டீராய்டுகளின் எச்சங்களை நீண்ட நாள் கழித்தும் கண்டுபிடிக்கும் வழி இப்போது வந்துவிட்டது. சோதனைக்கு எடுத்த சிறுநீர் மாதிரியைப் பத்து வருஷம் வரை பத்திரப்படுத்தி, புதுக் கருவி வந்ததும் மறுபடி சோதிக்கவும் விதி இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். கொலுசுக்கு எவ்வளவு பாலிஷ் போட்டாலும் உருக்கிப் பார்த்தால் எத்தனை டச், அதாவது வெள்ளி எவ்வளவு சுத்தம், என்று தெரிந்துவிடாதா?

மாநிலப் போட்டிக்கெல்லாம் யார் வந்து சோதிக்கப் போகிறார்கள் என்று கோச் சொல்லலாம். 2023 செப்டம்பரில் தில்லியில் நடந்ததும் மாநில அளவிலான தடகளப் போட்டிதான். நாடா என்கிற தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையின் ஆட்கள் மைதானத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் ஒரே ஒருவர்தான் வந்து நின்றார். மற்றவர்களைக் காணோம். கழிவறையில் கிடந்த ஊசிகளின் படம் நாடு முழுக்கச் சுற்றியது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாத காட்சி.

சோதனை என்றால் என்ன என்று பாப்பாவுக்கும் தெரிந்திருக்கட்டும். பெண் அதிகாரி ஒருவர் கூடவே வந்து, கண்ணெதிரிலேயே குறைந்தது 90 மில்லி சிறுநீர் வாங்குவார். அதை ஏ, பி என்று இரண்டு பாட்டிலில் ஊற்றிப் பாப்பாவையே மூடி முத்திரை வைக்கச் சொல்வார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் ஒருவர் துணைக்கு இருக்கலாம். கடைசி ஏழு நாளில் சாப்பிட்ட மருந்தையெல்லாம் படிவத்தில் எழுத வேண்டும். சோதனைக்கு அழைத்த பிறகு நழுவினால், மருந்து சாப்பிட்டுப் பிடிபட்டவர்களுக்கு உள்ள அதே தடைதான்.

அப்புறம், "எனக்குத் தெரியாது, கோச் கொடுத்தார்" என்பது அங்கே அவ்வளவாக எடுபடாது. உடம்புக்குள் என்ன போகிறதோ அதற்கு ஓடுகிறவரே பொறுப்பு என்பதுதான் உலக விதியின் அடிப்படை. பீரோவில் படமாக இருக்கும் கோமதியையே எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சிப் பக்கத்துக் கிராமத்துப் பெண், 2019-இல் தோஹா ஆசியத் தடகளப் போட்டியில் உங்கள் மகள் ஓடும் அதே 800 மீட்டரில் தங்கம் வாங்கினார். தமிழ்நாடே கொண்டாடியது. மாதிரியில் நாண்ட்ரோலோன் வகை எச்சம் இருந்ததாக முடிவு வந்தது. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்று அவர் சொன்னார். தங்கமும் போய், நான்கு வருஷத் தடையும் வந்தது. நான் அவரைக் குறை சொல்ல வரவில்லை, அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்கு முன்னால் 2011-இல் இன்னொன்று. முந்தைய வருஷம் தில்லி காமன்வெல்த் போட்டியில் 4 × 400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கிய நான்கு பெண்களில் மூன்று பேர் ஸ்டீராய்டில் மாட்டினார்கள். பயிற்சியாளர் வாங்கிக் கொடுத்த ஜின்செங் என்ற மூலிகை மருந்தில் கலந்திருந்தது என்றார்கள். இங்கே ஒரு வருஷத் தடை கொடுத்தார்கள். மேல்முறையீட்டில் பன்னாட்டு விளையாட்டு நடுவர் மன்றம் அதை இரண்டு வருஷமாக்கியது. பயிற்சியாளர் வேலையை விட்டு அனுப்பப்பட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். தடையைச் சுமந்தது பெண்கள்.

"எல்லாரும்தான் சாப்பிடுறாங்க" என்று பாப்பா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டாம். 2023-இல் இந்தியா சோதித்த 5,606 மாதிரிகளில் 213 மாதிரிகளில் தடை செய்த பொருள் இருந்தது. நூற்றுக்கு நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகமாகச் சோதிக்கும் நாடுகளில் இது மோசமான விகிதம். ஆனால் மற்ற தொண்ணூற்றாறு பேரும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த மைதானத்தில் பாப்பாவைச் சுற்றி இருக்கும் நாலு பேர் சாப்பிட்டால் அவள் கண்ணுக்கு ஊரே சாப்பிடுகிற மாதிரிதான் தெரியும்.

இதில் எனக்கு மனசு கேட்காத இடம் ஒன்று உண்டு. 2 நிமிஷம் 24-லிருந்து 2 நிமிஷம் 16. எட்டு விநாடி. பதினாறு வயதிலிருந்து பதினேழுக்கு வரும் பெண், ஒழுங்காகப் பயிற்சி செய்தால், தானாகவே நாலைந்து விநாடி குறைத்திருக்கலாம். ஆறும் குறைத்திருக்கலாம். இந்த எட்டில் எத்தனை அவளுடையது, எத்தனை மாத்திரையுடையது என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அவளாலும் முடியாது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஓடிய ஓட்டத்தின் கணக்கையே அந்த ஆள் கலைத்துவிட்டார். பாப்பாவிடம் பேசும்போது திட்டாதீர்கள், இதைச் சொல்லுங்கள். ஓடுகிற பிள்ளைக்கு இது புரியும்.

இரண்டாவது கேள்வி, வெளியே சொன்னால் என்ன ஆகும்?

நான் வக்கீல் இல்லை. ஆனால் இந்த விதிகளோடு பழகிய அளவில் சொல்கிறேன். சோதனையில் மாட்டினால்தான் குற்றம் என்பதில்லை, சாப்பிட்டதே விதிமீறல். அதைப் பூசி மெழுகப் போவதில்லை. ஆனால் பதினெட்டு வயது நிரம்பாத, பன்னாட்டுப் போட்டிகளுக்குப் போகாத உங்கள் மகள் போன்றவர்களை விதி தனியாகப் பாதுகாக்கிறது. பெரிய கவனக்குறைவு இல்லை என்று ஆனால் வெறும் கண்டிப்பிலிருந்து அதிகபட்சம் இரண்டு வருஷத் தடை வரைக்கும்தான். சோதனைக்கு முன்பே தானாக முன்வந்து ஒப்புக்கொண்டால் குறையும். கொடுத்தவரைப் பற்றி உதவியாகத் தகவல் சொன்னால் இன்னும் குறையும். கொடுத்தவருக்கோ தலைகீழ். இந்த வயதுப் பிள்ளைக்கு அனபாலிக் ஸ்டீராய்டு கொடுத்தது நிரூபணமானால் பயிற்சியாளருக்கு வாழ்நாள் தடை. அதாவது விதி புத்தகம் முழுக்கப் பார்த்தால் உங்கள் மகளைவிட அந்தக் கோச்தான் அதிகமாகப் பயப்பட வேண்டியவர். "வெளியே சொன்னால் உன் வாழ்க்கை போய்விடும்" என்று அவர் பாப்பாவிடம் சொல்லியிருந்தால், யாருடைய வாழ்க்கையை மனதில் வைத்துச் சொன்னார் என்று யோசியுங்கள்.

நாடா 2005-இல் வந்தது. 2022-இல் தனிச் சட்டமும் வந்துவிட்டது. தகவல் கொடுப்பதற்கு அவர்களுடைய இணையதளத்திலேயே வழி இருக்கிறது. எழுதுவதற்கு முன்னால் டாக்டரின் அறிக்கையும் அந்த டப்பாவும் கையில் இருக்கட்டும். விளையாட்டு விதி தெரிந்த வக்கீல் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுவது நல்லது. அதுவரை கோச்சிடம் சண்டைக்குப் போகாதீர்கள், போனிலும் வாக்குவாதம் வேண்டாம். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை பாப்பா அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரைகள் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதவை என்பதால், எந்தக் கடையில் வாங்கியது என்று தெரிய வந்தால் மருந்து ஆய்வாளரிடமும் புகார் கொடுக்கலாம்.

அவள் அப்பாவிடம் இன்று இரவே சொல்லிவிடுங்கள். பட்டறையில் வேலை செய்கிறவருக்குக் கலப்படம் என்றால் என்ன என்று நீங்கள் விளக்க வேண்டியதில்லை. வெள்ளியில் யார் கலந்தார்கள் என்றுதான் கேட்பார், வெள்ளியைத் திட்ட மாட்டார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு கபடிப் போட்டியில் மருத்துவ உதவிக்கு நின்றிருந்தேன். இருமலோடு வந்த பையனுக்கு நானே ஒரு சிரப் எழுதிக் கொடுத்தேன். அதில் டெர்பியூடலின் இருந்தது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து, நம்மூர் இருமல் சிரப்புகள் பலவற்றில் இருக்கிறது. விளையாட்டு வீரர்களுக்கு எந்த நேரத்திலும் தடை. இரவு வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பையனைச் சோதனைக்கு அழைக்கவில்லை, பிழைத்தோம். அன்றிலிருந்து யாருக்கு மருந்து எழுதினாலும் "நீ எதாவது விளையாடுகிறாயா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறேன். எல்லா டாக்டரும் கேட்க மாட்டார்கள். பாப்பாதான் சொல்ல வேண்டும்.

இருமல் சிரப் மட்டும் இல்லை. காய்ச்சல், உடம்பு வலி என்று தெருமுனைக் கிளினிக்குக்குப் போனால் போடுகிற 'ஒரு ஊசி'யில் பல நேரம் டெக்ஸாமெத்தசோன் இருக்கும், போட்டிக் காலத்தில் அது தடை. மூக்கடைப்பு மாத்திரையில் இருக்கும் சூடோஎபெட்ரின் அளவு மீறினால் தடை. உடம்பு தேற என்று கடையில் கொடுக்கும் எடை கூட்டும் மாத்திரையிலும் டெக்ஸாமெத்தசோன் கலப்பது உண்டு. போட்டிக்கு முதல் நாள் தெம்புக்கு என்று ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்கிறார்களே, அதுவும் விதிமீறல்தான் என்றால் பலர் நம்புவதில்லை. குளுக்கோஸ் மருந்தே இல்லைதான். ஆனால் 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் எதையும் நரம்பில் ஏற்றக் கூடாது, முறையான மருத்துவமனை சிகிச்சை தவிர. ஜிம்மில் ஓடும் மெபென்டர்மின் ஊசியைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஆபரேஷன் தியேட்டரில் ரத்த அழுத்தம் விழுந்தவர்களுக்குப் போடும் மருந்தை, பையன்கள் தாங்களாகவே குத்திக்கொண்டு தண்டால் எடுக்கிறார்கள். மயக்க மருத்துவர் பக்கத்தில் நின்று, இதயத் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டே போடும் மருந்து அது.

நிஜமாகவே ஒரு மருந்து தேவைப்பட்டால், உதாரணத்துக்கு ஆஸ்துமா, முன்கூட்டியே விண்ணப்பித்து மருத்துவ விதிவிலக்கு வாங்கலாம். மருந்தின் பெயரைப் போட்டுத் தடை உண்டா என்று பார்க்க நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' செயலி இருக்கிறது. புரோட்டீன் பவுடரைப் பொறுத்தவரை என் பதில் சுருக்கமானது. வேர்க்கடலை, முட்டை, பருப்பு, தயிர் வாங்கக் காசிருந்தால் டப்பா வேண்டாம். லேபிளில் இல்லாதது உள்ளே இருப்பது அந்த வியாபாரத்தில் புதிதில்லை. காபி குடிக்கலாமா என்று ஓடுகிற பிள்ளைகள் தவறாமல் கேட்பார்கள். குடிக்கலாம். 2004-இலேயே காஃபீனைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஏற்காட்டுக் காபிக்கு ஒரு ஆபத்தும் இல்லை. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும், இல்லாவிட்டால் சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேராது.

இரும்புச்சத்து என்று சொன்னதும் ஒன்று. பாப்பாவின் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று யாராவது பார்த்தார்களா? இந்த வயதுப் பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். மைதானத்திலிருந்து என்னிடம் வருகிறவர்களில் ஒன்பது, ஒன்பதரையோடு 800 மீட்டர் ஓடுகிறவர்கள் சாதாரணம். தசைக்கு ஆக்சிஜன் கொண்டுபோவது ரத்தம்தான். ஒன்பதரையைப் பன்னிரண்டரை ஆக்கினால் நேரம் எவ்வளவு குறையும் என்று பார்த்து நானே ஆச்சரியப்பட்டிருக்கிறேன். இரவு எட்டுக்குக் கேழ்வரகுக் களியும் கீரையும், பக்கத்தில் ஒரு எலுமிச்சைத் துண்டும், டாக்டர் சொன்னால் மூன்று மாதம் இரும்பு மாத்திரையும். விட்டமின் மாத்திரை கொடுத்தேன் என்கிற அந்தக் கோச், இந்த ஒரு ரத்தப் பரிசோதனையைச் செய்யச் சொன்னாரா?

சிலர் பிள்ளைகளை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போய் ஓடவிடுகிறார்கள். மலையில் ஓடினால் ரத்தம் ஊறும் என்கிறார்கள். மேட்டில் ஓடுவது காலுக்கும் மூச்சுக்கும் நல்லது, அடிவாரத்திலிருந்து இரண்டு மூன்று கொண்டை ஊசி வளைவு வரை வாரம் ஒருநாள் போனாலே தொடை சொல்லும். ஆனால் ரத்தச் சிவப்பணு கூட வேண்டுமென்றால் சுமார் 2,000 மீட்டருக்கு மேலே வாரக்கணக்கில் தங்க வேண்டும். ஏற்காடு 1,500 மீட்டர்தான், அதுவும் ஞாயிற்றுக்கிழமை போய் மத்தியானம் இறங்கிவந்தால் பஜ்ஜி சாப்பிட்டதுதான் மிச்சம்.

மாநிலப் போட்டிக்குப் பாப்பா போக வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. மாட்டிக்கொள்வாள் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்த ஓட்டத்தில் நாலாவதாக வரப்போகும் ஒரு பிள்ளையின் அம்மாவும் உங்களைப்போலக் கோட்டாவை நம்பிக்கொண்டிருப்பார். காலேஜ் விஷயத்தில், பிளஸ் டூ மார்க் இருக்கிறது, அடுத்த வருஷப் போட்டி இருக்கிறது. விதி என்ன சொல்கிறதோ அதன்படி ஒரு வருஷம் உட்கார வேண்டி வந்தாலும் அவள் திரும்பும்போது பதினெட்டு, பத்தொன்பது. 800 மீட்டர் ஓடுகிறவர்களுக்கு நல்ல காலம் இருபதுக்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. நேரம் மறுபடி 2 நிமிஷம் 20-க்குப் போகும்போது அழுவாள். ஆறு மாதத்துக்கு மனசும் சோர்ந்திருக்கலாம், இந்த மருந்தை நிறுத்தியவர்களுக்கு அது உண்டு. தனியாக அறையில் அடைந்து கிடந்தாலோ, தூக்கம் போனாலோ, வாழ்ந்து என்ன என்கிற மாதிரி பேசினாலோ சாதாரணமாக எடுத்துக்கொள்ளாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

டாக்டரிடம் போகும்போது வெறும் வயிற்றோடு ரத்தம் எடுக்க வேண்டியிருக்கும், அதனால் காலையில் சீக்கிரமே கிளம்பிவிடுங்கள். அவள் அப்பாவும் கூட வரட்டும். டப்பாவை மறக்காதீர்கள். ரத்தம் கொடுத்து முடித்ததும் பாப்பாவுக்குப் பசிக்கும், நாலு இட்லி கையோடு கட்டிக்கொள்ளுங்கள்.